நான்காம் தகடு

"நீங்கள் தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்கு அருகில் இருக்கிறீர்கள்" என்றது திரை.

"அருகில இல்ல, உள்ளயேதான் நிக்கிறேன். ஆறு வருஷமா நிக்கிறேன். அடுத்ததச் சொல்லு."

"பறப்பதற்கான முழுப் பொறுப்பும் உங்களுடையது என்பதை ஏற்கிறீர்களா?"

"பின்ன, உன்னோடதா? உனக்கு என்னைக்குப் பொறுப்பு இருந்துச்சு?"

"காற்றின் வேகம் அதிகரிக்கலாம். கவனமாக இருங்கள்."

"எங்கம்மா மாதிரியே பேசாத. தள்ளு."

காலை ஆறு மணி. நகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் மேட்டின் அடிவாரத்தில், ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கழுத்துப் பட்டையில் கன்ட்ரோலர் தொங்க, அவர் ட்ரோனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். திரையில் வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் உரக்கப் படித்து, உரக்கப் பதில் சொல்லி, அதன் பிறகுதான் விரலை வைப்பார். பக்கத்தில் நிற்கும் ஓட்டுநர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்கு 'குக்கர்' என்று பெயர். கோபம் வருவதற்கு முன்னால் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்று கசியும். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்குப் பிறகு எதிரில் யார் இருந்தாலும் சரி, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "ரெண்டு விசில் ஆயிருச்சு, ஃபைல அப்புறம் எடுத்துட்டுப் போ" என்று தட்டச்சு மேசையில் பேசிக்கொள்வார்கள். பெயர் அவருக்கும் தெரியும். பெயர் வைத்தவரையும் தெரியும். பொருத்தமான பெயர்தானே என்று விட்டுவிட்டார்.

நாற்பத்தாறு வயது. இருபது வருடம் முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலம் அளந்தவர். இடது கண்ணைச் சுற்றி மட்டும் சுருக்கம் அதிகம். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, இரண்டு அளவு பெரிய காலணி. பேட்டரிகளுக்கு நகப்பூச்சால் எண் போட்டிருக்கிறார். ட்ரோனின் இறக்கைகளைத் துடைக்கக் கணவருடைய பழைய பனியன்தான் வேண்டும், கடையில் விற்கும் துணி ஆகாது. யாராவது வந்து, "கல்யாணத்துக்கெல்லாம் வருவீங்களா மேடம்?" என்று கேட்டால் ஒரு விசில். "பொம்மை நல்லா பறக்குதே" என்றால் நேராக மூன்று.

பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் வீட்டுக்காரர் சொல்வார்: "உன் கோபம் பூரா மெஷின் மேலயே செலவாயிருது. நாங்க பொழச்சோம்."

ஆனால் ஒருவரிடம் மட்டும் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. மேட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் விமான நிலையம். பறக்கும் நாளில், நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே ஒரு பெரியவர் எடுப்பார். "ஒண்ணு இறங்குதும்மா, பொறுத்துக்கங்க" என்பார். இவர் பொறுத்துக்கொள்வார், இருபது நிமிடம் ஆனாலும். "அதுல நூத்தம்பது பேர் உக்காந்து வர்றாங்க. அவர் வேணாம்னா வேணாம்தான், அதுல என்ன கோபம்?" என்பார். காரணத்தோடு தடுப்பவரிடம் அவருக்குச் சண்டையே கிடையாது. காரணம் தெரியாமல் தடுக்கும் பொருளைக் கண்டால்தான் மூக்கின் மேல் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குப்பை மேட்டின் உயரம் நாற்பத்தெட்டு மீட்டர். மாதம் ஒரு முறை அதற்கு மேலே பறந்து, சில நூறு படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாகத் தைத்து, மேடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மாநகரப் பொறியாளருக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. படம் தரையோடு பொருந்த வேண்டுமே, அதற்காக மேட்டைச் சுற்றி ஐந்து இடங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தகடுகளைத் தரையில் ஆணி அடித்து வைத்திருக்கிறார். ஐந்தும் எங்கே இருக்கின்றன என்பது சென்டிமீட்டர் சுத்தமாகக் கணக்கில் உண்டு. மேட்டின் உருவம் நாளுக்கு நாள் மாறும், தினமும் கொட்டுகிறார்களே. தரை மாறக்கூடாது. தரை மாறினால் சொல்வதற்கு அந்தத் தகடுகளைத் தவிர வேறு நாதியில்லை.

நான்காம் தகடு தெற்குச் சரிவின் காலடியில், சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் இடம் அது. ஒரு வேளைக்கு முப்பத்தாறு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருத்தி இவருடைய தங்கை.

கோடைக்கு முந்தின மாதம், படங்களைத் தைத்து முடித்ததும், திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. "நான்காம் தகடு பொருந்தவில்லை. பிழை முப்பத்தொரு சென்டிமீட்டர். நீக்கலாமா?"

வாழ்நாளெல்லாம் திரையோடு மல்லுக்கு நின்றவர், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. சலவைக்கூடத்து வேன்கள் திரும்பும் இடம் அது. ஏதோ வண்டி ஏறி நசுக்கியிருக்கும் என்று நினைத்தார். முன்பும் ஒரு முறை அப்படி ஆனதுண்டு. 'ஆம்' என்பதைத் தொட்டார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "மிக நன்று" என்றது மென்பொருள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'நான்காம் தகடு, வாகனம் ஏறியதால் நகர்ந்தது, கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதி, 'நிலை: இயல்பு' என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கை போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். மேலாளர் பல் கட்டிக்கொண்டது, புது மெஷின் வந்தது, யாரோ வேலையை விட்டுப் போனது. நடுவில் ஒன்று சொன்னாள்.

"அந்தப் பின்கதவு வேற, சாத்தவே மாட்டேங்குதுக்கா. இடுப்பாலதான் இடிச்சு இடிச்சுச் சாத்துறோம். ஒருத்திக்கு இடுப்பே கன்னிப்போச்சு."

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். மழையில மரம் ஊதிருக்கும்ங்கிறாங்க."

"ஏன்டி, மழை எங்கடி பெஞ்சுது?"

அந்தப் பின்கதவு இருக்கும் சுவரை ஒட்டித்தான் நான்காம் தகடு. அன்று மாலையே பழைய கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நான்காம் தகட்டை அளந்தார். நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். தகட்டின் மேல் டயர் தடமும் இல்லை, நசுங்கலும் இல்லை. நான்கு ஆணியும் அடித்தபடியே இருந்தன. தகடு நகரவில்லை. தகட்டைச் சுமந்துகொண்டு தரைதான் நகர்ந்திருந்தது. அது மூன்று வாரத்துக்கு முன்பே வந்து சொல்லியிருக்கிறது. இவர்தான் அதைப் பொய்யன் என்று வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் பொறியாளர் முன்னால் போய் நின்றார். பொறியாளர் கெட்டவர் அல்ல. எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புகிறவர், அவ்வளவுதான். கோப்பைப் புரட்டி, கடைசிப் பக்கத்தை இவர் பக்கமே திருப்பி வைத்தார்.

"வண்டி ஏறி நகர்ந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க மேடம். இயல்புன்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க."

"தப்பா எழுதிட்டேன் சார்."

"ஒரு தகட்ட வெச்சு நான் ஒரு கூடத்த மூடச் சொல்ல முடியாது. மேடு முழுக்க எறங்குதுன்னா முழுப் படம் குடுங்க. அடுத்த நிமிஷம் பார்க்கிறேன்."

சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தன் கையெழுத்தையே சாட்சியாகக் காட்டி மறுக்கும்போது, யார் மேல் பாய்வது?

கோபுரத்துப் பெரியவர் விஷயத்தைக் கேட்டதும் அன்றே கடிதம் கொடுத்தார். வியாழக்கிழமை காலை ஆறேகாலிலிருந்து ஏழு வரை, தரையிலிருந்து அறுபது மீட்டர் வரை பறக்கலாம். இனி பறக்க வேண்டியதுதான் பாக்கி என்று ட்ரோனை எடுத்தால், "புதுப்பிக்காமல் பறக்க இயலாது" என்றது. புதுப்பித்தார். புதுப்பித்த பிறகு மேடு முழுவதும் சிவப்பு வட்டத்துக்குள் போய்விட்டது. "இந்தப் பகுதியில் எழும்ப இயலாது."

"எழும்பலாம்னு ஏர்போர்ட்டே சொல்லிருச்சு. நடுவுல நீ யாரு?"

மென்பொருள் போட்ட இந்தப் பூட்டைத் திறக்க, ட்ரோன் செய்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். கோபுரத்துக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினார். கடிதம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. நல்ல தெளிவாக எடுத்து அனுப்பினார். கோப்பு மிகப் பெரிது என்று திரும்பி வந்தது. உதவி மையத்தில் எழுதிக் கேட்டார். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை" என்று வந்தது. அரை நொடியில் வந்த பதில். மனிதன் எழுதியிருந்தால் ஒரு தும்மல் போடும் நேரமாவது ஆகியிருக்கும்.

"முப்பத்தாறு பேர் தலைக்கு மேல மலை நிக்குதுடா! புரிஞ்சா தொறடா!" என்று அவர் கத்தியது மூன்று அறை தள்ளிக் கேட்டதாம். அன்றைக்கு யாரும் விசில் எண்ணவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பூட்டு திறந்தது. அறுபது மீட்டர் உயரத்துக்கு அனுமதி. கடிதத்தில் இருந்த அதே அறுபது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் வியாழக்கிழமை காலை அடிவாரத்தில் நின்று பறக்கும் பாதையைப் போட்டுப் பார்த்தால், திரை மறுபடியும் மறுத்தது. கோபுரத்துப் பெரியவர் அறுபது என்று சொன்னது, ட்ரோனுக்குக் கீழே எந்தத் தரை இருக்கிறதோ அதிலிருந்து. மென்பொருளோ எழும்பின இடத்திலிருந்து எண்ணும். எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடம்தான் அதற்குப் பூமி. அடிவாரத்திலிருந்து கிளம்பினால், நாற்பத்தெட்டு மீட்டர் மேட்டின் உச்சியை வெறும் பன்னிரண்டு மீட்டரில் உரசிக்கொண்டு போக வேண்டும். அந்த உயரத்தில் எடுக்கும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. சரிவில் இறங்கி இறங்கிப் பறக்க அதற்குச் சம்மதம். ஏறி ஏறிப் பறக்கச் சம்மதம் இல்லை. முறைப்படியான பறத்தலைத் தடுத்துவிட்டு, "உங்கள் பாதுகாப்பே" என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

வழி ஒன்றுதான். உச்சியிலிருந்து கிளப்ப வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் பயப்படும் அதே மேட்டின் உச்சியில் ஏறி நின்று.

"நான் வெச்சுட்டு வர்றேன் மேடம், நீங்க கீழ இருந்து ஓட்டுங்க" என்றார் ஓட்டுநர்.

"ட்ரோன் என் கண்ணுல படாம ஓட்டக் கூடாதுண்ணே. நீங்க ஜீப்ப ரோட்டுல திருப்பி நிறுத்துங்க. இஞ்சின அணைக்காதீங்க."

பன்னிரண்டு கிலோ பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, குப்பை லாரி ஏறும் வடக்குத் தடத்தில் ஏறினார். ஏறும்போதெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினார். அப்டேட்டை எழுதியவனை, கோப்பு பெரிது என்றவனை, அரை நொடியில் வருத்தப்பட்டவனை. உச்சியில் தெற்கு விளிம்புக்கு இருபது அடி முன்பாக ஒரு பிளவு இருந்தது. பெரிய காலணி அணிந்த அவர் காலே குறுக்கு வாட்டில் உள்ளே போகிற அகலம். உள்ளிருந்து சூடாக ஆவி வந்தது. கீழே சலவைக்கூடத்தின் தகரக் கூரை. காலைவேளைப் பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே வந்ததும் அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

கோபுரத்துக்குப் போன் செய்தார். "வானம் காலிம்மா, போங்க" என்றார் பெரியவர்.

முப்பத்தொரு நிமிடம். பருந்துகள் இரண்டு முறை ட்ரோனைத் துரத்தின. திரை பதினோரு முறை எச்சரித்தது. பதினோரு தடவையும் விரலால் தள்ளிவிட்டுத் தொடர்ந்து பறக்கவிட்டார். இறங்கி ஜீப்புக்கு வந்து, பின்சீட்டில் மடிக்கணினியை வைத்துப் படங்களைத் தைத்தார். உச்சி ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அடிவாரத்தில் மின்கம்பம், வடிகால் மூடி, சலவைக்கூடத்துச் சுவரின் மூலை, மூன்றும் தகடு போன திசையிலேயே, ஏறக்குறைய அதே அளவு போயிருந்தன. சிவப்பு வரி மறுபடியும் வந்தது. "நான்காம் தகடு பொருந்தவில்லை. பிழை அறுபத்துநான்கு சென்டிமீட்டர். நீக்கலாமா?"

"கைய வெச்சுப் பாரு" என்றார்.

பொறியாளர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு நிஜமாகவே பயந்துபோனார். "திங்கக்கிழமை கமிட்டி கூடுது. அவசரம்னு போட்டு முதல் அயிட்டமா வைக்கிறேன்" என்றார்.

"சார், இன்னைக்கு வியாழன்."

"மூடச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல மேடம். அதுவரைக்கும் போன அறிக்கைதான் செல்லும்."

ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராகச் சலவைக்கூடத்துக்குள் நடந்தார்.

வாசலில், வருகைப் பதிவு மெஷினுக்கு மேலே, அவருடைய அறிக்கையின் கடைசிப் பக்கம் ஒட்டியிருந்தது. வழவழப்பான உறை போட்டு, நான்கு பக்கமும் டேப் போட்டு. 'நிலை: இயல்பு.' கீழே அவர் கையெழுத்து. கதவு சாத்தவில்லை என்று பெண்கள் முணுமுணுத்ததும் மேலாளர்தான் அதை வாங்கிவந்து ஒட்டியிருக்கிறார். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் முப்பத்தாறு பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். தங்கையும் அக்காவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். போனில் ஒரு நாளும் சொல்லவில்லை. பெருமையாக இருந்திருக்கும்.

"எல்லாரும் வெளிய வாங்க. மேடு எறங்குது" என்றார்.

மெஷின் இரைச்சலில் நாலு பேர் திரும்பினார்கள். ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க?"

"போட்டேன். பொய். தெரியாமப் போட்ட பொய், ஆனா பொய்தான்."

நகத்தால் டேப்பைச் சுரண்டினார். வரவில்லை. மேலாளர் ஓடி வந்தார்.

"மேடம், அது ஆபீஸ் தாள், கிழிக்கக் கூடாது."

"என் கையெழுத்து. நான் கிழிப்பேன்."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சுவரின் பூச்சோடு பிய்ந்து வந்தது. மேலிருந்து எடுத்த பிளவின் படத்தைக் கன்ட்ரோலரில் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த தங்கை அக்காவின் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். திரும்பிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

முப்பத்தாறு பேரும் முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். அன்று மாலை மேலாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்த பெண்களை வாசலிலேயே தங்கை மறித்துத் திருப்பி அனுப்பினாள். சனிக்கிழமை மத்தியானம், மெஷின் ஓட வேண்டிய நேரத்தில், தெற்குச் சரிவு இறங்கியது. கூடத்தின் பின்பாதி, அந்தக் கதவோடு சேர்ந்து, குப்பைக்கு அடியில் போய்விட்டது.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. 'துறை உரிய நேரத்தில் எடுத்த நடவடிக்கையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது' என்று தீர்மானம் போட்டார்கள். முந்தின மாத அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று இவர் கேட்டார். "எதுக்கு மேடம், நல்லபடியா முடிஞ்சதுல போய்…" என்றார்கள். பூசி மெழுகுவதைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். எழுந்து வந்துவிட்டார். புகாரும் கோப்பில் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது. இரண்டு தாளையும் அவர் மதிக்கவில்லை. சுவரிலிருந்து பிய்த்த தாளை, பூச்சு ஒட்டியிருக்க அப்படியே, ட்ரோன் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தக் கையெழுத்துதான்.

இப்போதும் மாதம் ஒரு முறை, காலை ஆறு மணிக்கு, மேட்டின் வடக்கே ஜீப் வந்து நிற்கிறது. இப்போதும் சண்டை. "அருகில இல்லடா, உள்ள" என்பது சாலைவரை கேட்கும். நான்காம் தகட்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று அடித்திருக்கிறார். உயரத்தை எண்ணும் முறை இன்னும் மாறவில்லை. உதவி மையம் இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது.

போன வாரம் படங்களைத் தைத்து முடித்ததும் ஒரு வரி வந்தது. இரண்டாம் தகடு, பிழை மூன்று சென்டிமீட்டர், நீக்கலாமா? மூன்று சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. ஓட்டுநர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"அணைங்கண்ணே" என்றார்.

கணினியைத் திறந்தபடியே சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். திட்டவில்லை, விசிலும் இல்லை. முக்கால் கிலோமீட்டர், நிழலே இல்லாத தடம். இரண்டாம் தகட்டின் முன்னால் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி அதனால் தகட்டின்மேல் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டு, நான்கு ஆணிகளையும் ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தார், எடுக்கவில்லை.